வரப்பில் நான் நீட்டிய புகையிலை

ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி வேண்டாம் என்று சொன்ன பிறகும், அவள் கையில் புகையிலையை வைத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னவன் நான். பதினைந்து நாள் கழித்து, அப்படி நான் சொல்லவே இல்லை என்று சாதித்தவனும் நான்தான். எனக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழி கிடையாது.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி மாதம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மேட்டு வயல்களில் இயந்திர நடவு முன்பே முடிந்துவிட்டது. வாய்க்காலின் கடைசியில் எனக்கு மூன்று மா, ஏறக்குறைய ஓர் ஏக்கர் அளவில் ஒரு பள்ளத்து வயல் உண்டு. அந்தச் சேற்றில் இயந்திரம் இறங்கினால் பாதியில் புதைந்துவிடும். அதை மட்டும் பெண்கள் இறங்கிக் கையால்தான் நட வேண்டும். நாற்றோ நாற்பது நாளைத் தாண்டி முற்றிக்கொண்டிருந்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு நட்டு முடிக்காவிட்டால் வயல் முழுகிவிடும், அந்தப் போகம் போனது போனதுதான் என்ற நிலைமை. பதினான்கு பேர் கேட்டிருந்தேன். பத்துப் பேர்தான் வந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் நடவு நாளில் வயல்காரர் தன் கையால் நடவாட்களுக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை கொடுப்பது வழக்கம். முதல் நாற்றுக் கட்டைப் பிரிக்கும்போது ஒரு தடவை, பத்து மணி வாக்கில் ஒரு தடவை. மரியாதை என்று அதற்குப் பெயர். ஆனால் வயல் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் உள் விஷயம் தெரியும். புகையிலையை அடக்கிக்கொண்டால் பசி தெரியாது, குனிந்த இடுப்பின் வலி தெரியாது. கரையேறாமல் இன்னும் இரண்டு மணி நேரம் நடுவார்கள். இதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை.

அன்று வந்த பத்துப் பேரில் அந்தப் பெண்ணுக்குத்தான் வயது குறைவு. இருபத்திரண்டு இருக்கும். நடவில் அப்படி ஒரு கை வேகம். வரிசையின் ஓரத்தில் அவளை நிறுத்தினால் மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போவாள். புருஷன் திருப்பூரில் வேலை. அது அவளுக்கு முதல் பிள்ளை. பத்து மணிக்கு நான் தாம்பூலத் தட்டோடு வரப்புக்கு வந்தபோது அவள் சேற்றுக் காலோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் இடம் காலியானதில் வரிசையே தள்ளாடிக்கொண்டிருந்தது.

நடவுக்கு ஆள் சேர்த்து அழைத்து வருகிற ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் அத்தை. வயலுக்குள் இருந்தபடியே அவர் சத்தம் போட்டார்.

"ஏண்டி, நடவுக்கு வந்தியா, வயலுக்குக் காவ இருக்க வந்தியா?"

"கண்ண இருட்டிக்கிட்டு வருது அத்தே. செத்த நேரம் உக்காந்துட்டு வரேன்."

நான் தட்டிலிருந்து வெற்றிலையும் ஒரு துண்டுப் புகையிலையும் எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாங்கய்யா. நான் விட்டு ரெண்டு மாசம் ஆவுது. புள்ளைக்கு ஆவாதுன்னு நர்ஸம்மா சொல்லிருக்காங்க."

வயலில் சிரிப்பு எழுந்தது. "ஆவணி வரைக்கும் என் சுருக்குப்பையில கைய விட்டவ, இப்ப டாக்டருக்குப் படிச்சிட்டு வந்துட்டா!" என்றாள் ஒருத்தி. அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் கையை நீட்டவில்லை.

எனக்கு வானத்தின் மேல் கண். அந்த எரிச்சலில் நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் இன்றைக்கும் மறக்கவில்லை.

"அட, ஒரு துண்டுதாம்மா. ஒண்ணும் ஆகாது. எங்கம்மா ஒன்பது புள்ள பெத்தாங்க. ஒன்பதுக்கும் வாயில பொகையில இருந்துச்சு. நான் என்ன கொறஞ்சா போயிட்டேன்?"

"எதுக்கும் நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போட்டுக்கறேங்கய்யா."

"நர்ஸம்மா நேத்து வேலைக்கு வந்த பொண்ணு. நான் முப்பத்திரெண்டு வருஷம் இதத்தானேம்மா பாடம் நடத்தினேன்?"

அத்தை முடித்து வைத்தார். "வாத்தியாரே சொல்லிட்டாங்க. அப்பறம் என்னடி? வாங்கிப் போட்டுக்கிட்டு எறங்கு."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாயில் அடக்கிக்கொண்டு வயலில் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் வரிசை சீரானது.

என் அம்மா ஒன்பது பெற்றாள் என்பது உண்மைதான். அதில் நான்கு தங்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை. பாடம் நடத்தினேன் என்பதும் உண்மைதான். கருப்பையும் நஞ்சுக்கொடியும் தொப்புள்கொடியும் கரும்பலகையில் சிவப்பு, நீலச் சாக்பீஸால் வரைவேன். தாயின் இரத்தத்தில் கலக்கும் நச்சுப் பொருட்கள் இந்த வழியாகக் குழந்தையை அடையும் என்று அம்புக்குறி போடுவேன். அந்த அம்புக்குறியை விட்டுவிட்டால் ஒரு மதிப்பெண் குறைப்பேன்.

மூன்று மணிக்கு நடவு முடிந்தது. நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் சூடாக வடையும் காபியும் சாப்பிட்டுக்கொண்டு, தப்பித்தோம் என்று மனைவியிடம் சொன்னேன். வயலுக்கு டீ கொண்டுவந்தபோது நடந்ததையெல்லாம் அவள் கேட்டிருந்தாள். அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலை வேளை. என்னிடம் படித்த மாணவர்கள் இரண்டு பேர், பள்ளி விழாவில் பேச என்னை அழைப்பதற்காக வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எவ்வளவு கண்டிப்பான ஆசிரியர் என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கேட்க இதமாக இருந்தது. அந்த நேரத்தில் ஊர் நர்ஸ் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினார். பின்னால் அந்தப் பெண் இறங்கினாள்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் நர்ஸ். அவருக்கும் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். "இவ ரெண்டு மாசமா விட்டிருந்தா சார். இப்ப செக்கப்புக்கு வந்தா இடுப்புல புகையிலைப் பொட்டலம் இருக்கு. கேட்டா, வாத்தியாரய்யாதான் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்கங்கறா. இவ மட்டும் இல்ல சார், இன்னும் மூணு பேரு அதே மாதிரி சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னீங்கன்னா போதும்."

அவர் என்மேல் குற்றம் சொல்ல வரவில்லை. என் உதவி கேட்டு வந்திருந்தார். 'ஆமாம்மா, சொன்னேன், தப்பு' என்று நான் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அப்போது அவளுக்கு ஆறாவது மாதம் கூடப் பிறந்திருக்கவில்லை. கூடத்தில் இருந்த மாணவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"நான் எப்படிம்மா அப்படிச் சொல்வேன்? பயாலஜி வாத்தியார் நான்" என்றேன். "அவங்களுக்குப் போடணும்னு ஆசை. அதுக்கு என் பேரச் சொல்றாங்க."

மாணவர்களில் ஒருவர் சிரித்தார். அந்தப் பெண் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனியவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "பெரியவங்க பேரச் சொல்லிப் பொய் வேற சொல்வியா?" என்று நர்ஸ் அவளைத் திட்டிக்கொண்டே அழைத்துப் போனது வாசல்வரை கேட்டது.

மாணவர்கள் போன பிறகு என் மனைவி டம்ளர்களை எடுக்க வந்தாள். "அந்தப் பொண்ணு உங்களையே பாத்துக்கிட்டு நின்னுச்சு" என்றாள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். நானோ பள்ளி விழாவில் பேசுவதற்குக் குறிப்பு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தை பிறந்து அறுவடை வந்தது. அந்தப் பள்ளத்து வயல்தான் அந்த வருடம் நன்றாக விளைந்தது. வைக்கோல் அள்ள வந்த அத்தையிடம், அந்தப் பெண் எங்கே, காணோமே என்று கேட்டேன்.

"அவளுக்கு எட்டாம் மாசமே பொறந்துடுச்சுங்கய்யா. பொண்ணு. கையளவுதான் இருக்காம். ஒன்றரைக் கிலோகூட இல்லையாம். தஞ்சாவூருல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. பொழைக்கறது மாரியாத்தா கையில."

சொல்லிவிட்டு வாயிலிருந்த புகையிலையை வரப்போரம் துப்பினார். அந்த இடத்தில்தான் ஐப்பசியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். மூக்கில் குழாய், காலில் ஒரு சின்னப் பட்டை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தது. நான் எத்தனையோ கரு வளர்ச்சிப் படங்கள் வரைந்தவன். மூச்சுக்குப் போராடும் ஓர் உயிரை நேரில் பார்த்ததில்லை.

அங்கே இருந்த இளம் டாக்டரிடம், எதனால் இப்படி ஆகும் என்று கேட்டேன்.

"இதனாலதான்னு ஒண்ணக் கைகாட்டிச் சொல்ல முடியாதுங்க. அம்மாவுக்கு ரத்தசோகையும் இருக்கு. ஆனா புகையிலை போட்டிருக்காங்க. அது போடற தாய்க்கு நஞ்சுக்கொடிக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும். புள்ளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் கொறையும். எடை கொறஞ்சு, நாளுக்கு முன்னாடி பொறக்கற வாய்ப்பு அதிகமாகும். நீங்க தாத்தாவா?"

"இல்லைங்க."

"அப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

எனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, குழந்தைக்கு நான் என்ன உறவு என்றுதான் கேட்டார். ஊர்க்காரன் என்று சொல்லிவிட்டு வந்தேன். 'ஒண்ணக் கைகாட்டிச் சொல்ல முடியாது' என்ற வார்த்தையைப் பஸ்ஸில் வழியெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று தேடினேன். பாபநாசத்தில் இறங்குவதற்குள் அதுவும் வெட்கமாக இருந்தது.

ஒரு மாதத்துக்கும் மேல் ஆகிக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையை வெற்று உடம்போடு தன் மார்பில் அணைத்து, மேலே சேலையால் சுற்றிக் கட்டியிருந்தாள். குழந்தைக்குச் சூடு குறையாமல் இருக்க அப்படி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். உட்காரும்மா என்றேன்.

சொல்லவேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். "அன்னிக்கு வயல்ல நான் சொன்னது தப்பும்மா. எனக்குத் தெரிஞ்சேதான் சொன்னேன். நர்ஸம்மா முன்னாடி பொய் சொன்னதும் நான்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. கோபமாகவும் பேசவில்லை.

"நீங்க நர்ஸம்மாவுக்குப் பயந்துக்கிட்டு மாத்திச் சொல்றீங்கன்னு நெனச்சேங்கய்யா. கவர்மெண்டு ஆளு முன்னாடி வேற எப்படிச் சொல்வாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். வயல்ல சொன்னதுதான் நெசம்னு நம்பினேன். அதனாலதான் அப்பறமும் போட்டேன். ஒளிச்சு ஒளிச்சுப் போட்டேன்."

அவளைப் பொய்க்காரி ஆக்கியதுதான் என் குற்றம் என்று நினைத்துப் போயிருந்தேன். அவளோ என்னைப் பொய்யனாக நினைக்கவில்லை. நான் மறுத்த பிறகும் என் பேச்சை நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கைதான் மீதி மாதங்களும் குழந்தைக்குள் போயிருக்கிறது.

"இப்ப?" என்று கேட்டேன்.

"பொறந்த அன்னியோட விட்டாச்சு. பால்லயும் கலக்குமாமே" என்றாள். பிறகு, "நீங்க போங்கய்யா. புள்ள தூங்கணும்" என்றாள்.

அடுத்த வாரம் கர்ப்பிணிகளை நர்ஸ் பரிசோதிக்கிற நாளில் அங்கன்வாடிக்குப் போனேன். ஏழெட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். துணைக்கு அத்தையும் வந்திருந்தார். நர்ஸிடம் அனுமதி கேட்டுவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வயலில் சொன்னது, வீட்டில் மறுத்தது, என் அம்மாவுக்குத் தங்காத நான்கு பிள்ளைகள், எதையும் விடவில்லை. புகையிலை என்ன செய்யும் என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது நர்ஸ் கையிலிருந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். பிறகு, "நான் அவளப் பொய்க்காரின்னு திட்டிட்டேன் சார். நான் போய் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார். கேட்டார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவர் செய்யாத தப்புக்கு அவர் கேட்ட மன்னிப்பு அது.

அந்த வருடத்திலிருந்து என் வயலில் புகையிலை கொடுப்பதை நிறுத்திவிட்டேன். பத்து மணிக்கு எல்லோரும் கரையேறி, வேகவைத்த கடலையும் மோரும் சாப்பிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கலாம் என்று சொன்னேன். ஊரே என்னை வாழ்த்தியது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வருடம் அத்தை கூட்டத்தோடு வேறு வயலுக்குப் போய்விட்டார். "வாத்தியாரு வயலுல நடவுன்னா ஆஸ்பத்திரியில நடவு மாதிரி" என்று கேலி. எனக்கு நடவு ஒரு வாரம் தள்ளிப்போனது. மறு வருடம் வந்தார்கள், அவரவர் இடுப்பில் அவரவர் பொட்டலத்தோடு. நான் வாய் திறக்கவில்லை. இதில் யாருக்கும் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

மூன்றாவது வருடம் ஒரு நாள், வரப்பில் கடலை கொடுத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த பெண் ஒருத்தி, மாசமாக இருந்தவள், பக்கத்தில் இருந்தவளின் சுருக்குப்பையில் கையை விட்டாள். அத்தை அவள் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தார்.

"வாத்தியாரு கத தெரியுமில்ல ஒனக்கு?"

"தெரியும் அத்தே."

"தெரிஞ்சா எடு கைய."

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒரு பொருட்டாகவே யாரும் நினைக்கவில்லை. தன் வாயில் அடக்கியிருந்த புகையிலையை மட்டும் அத்தை துப்பவில்லை. என் பாவம் ஊரில் ஒரு கதையாகிவிட்டது, அந்தக் கதை ஒரு கையைத் தடுத்துவிட்டது என்பதை நினைத்துக் காது சூடாக நின்றேன்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு என் வயலில் இறங்கவே இல்லை. யார் கூப்பிட்டும் வரவில்லை. வழியில் பார்த்தால் நின்று பேசுவாள், மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வயதுக்குத் தக்க உயரம் இல்லை. பனிக் காலம் வந்தால் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். வாய் மட்டும் அபாரம்.

போன மார்கழியில் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரையும் பார்த்தேன். சிறுமி விடாமல் இருமிக்கொண்டிருந்தாள். மனசு கேட்கவில்லை. வாத்தியார் புத்தி, வாய் சும்மா இருக்குமா?

"ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் துளசியும் மிளகும் கொதிக்க வச்சுக் குடும்மா. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள் என் காதிலேயே விழுந்தன. அவள் சிறுமியின் தலைக்குத் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து, சிரிப்பும் இல்லாமல் கோபமும் இல்லாமல் சொன்னாள்.

"எதுக்கும் நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுக்கறேங்கய்யா."

அன்று வரப்பிலும் அவள் இதே வார்த்தையைத்தான் சொன்னாள்; அதற்குச் சரியென்று தலையாட்ட, இவ்வளவு படித்த எனக்கு ஏழு வருடமும் ஒரு குழந்தையின் மூச்சும் தேவைப்பட்டது.